சிகாகோ டவுன்டவுன்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு ஒரு நாள் நடக்க எந்த வழி?

கரிசல்காட்டான் (ஜூன் 21)

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது இண்டியானாவில், லஃபாயெட் பக்கம். கோவில்பட்டியிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஜூலை இரண்டாம் வாரம் ஒரே ஒரு நாள் சிகாகோ கூட்டிப் போகலாம் என்று யோசனை. அப்பாவுக்கு 71, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நட என்றால் திருச்செந்தூர் வரை நடப்பார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அரை மணி நேரத்துக்கு மேல் முடியாது, ஆனால் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார், முகத்தைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். கூட ஆறு வயது மகள்.

மியூசியம், உயரக் கட்டட டிக்கெட் எதுவும் வேண்டாம். சும்மா நடந்து ஊரைப் பார்க்க வேண்டும், ஏரியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் பார்க்கிங் தேடியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கோடைமழை (ஜூன் 21)

இது ரொம்ப எளிது பாஸ். காலை 9 மணிக்கு மில்லெனியம் பூங்காவில் பீன் (அவரை விதை மாதிரி பளபளக்கும் பெரிய சிற்பம்), அங்கிருந்து பக்கிங்ஹாம் நீரூற்று, அப்படியே தெற்கே மியூசியம் கேம்பஸ், ஆட்லர் கோளரங்கம் வரை போய் படம் எடுத்துக்கொண்டு திரும்பி, மதியம் ஆற்றோர நடைபாதை ரிவர்வாக், மாலை மிச்சிகன் அவென்யூ கடைகள், பழைய வாட்டர் டவர், இரவு ஏரிக்குள் நீளும் நேவி பியர் பாலமேடையில் ராட்டினம். நாங்கள் மாமனார் மாமியாரோடு போன வருடம் இதை ஒரே நாளில் முடித்தோம். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எதையும் விடாதீர்கள், திரும்ப எப்போது வருவார்களோ.

மீன்கொத்தி60601 (ஜூன் 22)

கோடைமழை, உங்கள் மாமியார் அதற்கப்புறம் உங்களோடு பேசுகிறாரா?

கோபிக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீனிலிருந்து ஆட்லர் ஏறக்குறைய இரண்டு மைல். திரும்ப ஆற்றுக்கு இரண்டுக்கும் மேல். ரிவர்வாக் மட்டும் ஒன்றேகால் மைல். வாட்டர் டவர், அங்கிருந்து நேவி பியர். அந்தப் பாலமேடையின் நீளமே 3,300 அடி, அதாவது நுனிவரை போனால் ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர். மொத்தம் எட்டு மைலுக்குக் குறையாது. முழங்கால் தேய்ந்தவரை எட்டு மைல் நடத்துவது சுற்றுலாவில் சேர்த்தி இல்லை.

நான் இந்த ஊரில் பதினாறு வருடமாக டவுன்டவுனில்தான் வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வந்த உறவினர்களை எத்தனை தடவை கூட்டிப் போனேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால் சொல்கிறேன். என்ன பார்க்கலாம் என்று பட்டியல் போடாதீர்கள். எங்கே உட்காரலாம், எங்கே நிழல், எங்கே கழிப்பறை என்று முதலில் பட்டியல் போடுங்கள். அவற்றைச் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் வழி. பார்க்க வேண்டியவை தானாக அந்தக் கோட்டில் வந்து நிற்கும், இந்த ஊர் அப்படி.

காரை டவுன்டவுனுக்குள் கொண்டுவராதீர்கள். நீங்கள் வருவது ஐ-65 வழிதானே? ஈஸ்ட் சிகாகோ ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு சவுத் ஷோர் ரயில் ஏறுங்கள். முக்கால் மணி நேரம் போல ஆகும். மில்லெனியம் ஸ்டேஷனில் இறங்கினால் ராண்டால்ஃப் தெருவுக்கும் மிச்சிகன் அவென்யூவுக்கும் நேர் கீழே இருப்பீர்கள். மேலே ஏறினால் எதிரே மில்லெனியம் பூங்கா. இன்னொன்று, நீங்கள் கிழக்கு நேரம், சிகாகோ மத்திய நேரம். வரும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

நெல்லைச்சீமா (ஜூன் 22)

மீன்கொத்தி அண்ணா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். என் பங்குக்கு: ரயிலை விட்டு இறங்கியதும் நேராகப் பீனுக்கு ஓடாமல் கல்ச்சுரல் சென்டருக்குள் போங்கள். தெருவைத் தாண்டினால் வந்துவிடும். நுழைவு இலவசம், குளிர்சாதனம், சுத்தமான ரெஸ்ட்ரூம், உட்கார நாற்காலி. 1897இல் பொது நூலகமாகக் கட்டிய கட்டடம். மூன்றாவது மாடியில் டிஃப்பனி கண்ணாடிக் கூரை ஒன்று இருக்கிறது பாருங்கள், 38 அடி விட்டம், ஏறக்குறைய 30,000 கண்ணாடித் துண்டு, மீன் செதில் மாதிரி அடுக்கியிருப்பார்கள். லிஃப்ட் இருக்கிறது, அம்மாவைப் படியில் ஏற்ற வேண்டாம். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்புறம் வெயிலுக்குப் போகலாம்.

மகளுக்கு மாற்று உடை கட்டாயம், துண்டும். பூங்காவில் கிரவுன் நீரூற்று என்று ஐம்பது அடிக்கு இரண்டு கண்ணாடிச் செங்கல் கோபுரம் எதிரெதிரே நிற்கும், அதில் ஊர்க்காரர்கள் முகம் மாறி மாறித் தெரியும், திடீரென்று வாய் குவித்துத் தண்ணீர் உமிழும். எந்தக் குழந்தையும் அங்கே நனையாமல் திரும்பியதில்லை. "நனைய மாட்டேன்மா, சும்மா பார்க்கிறேன்" என்று சொன்ன என் மகன் முப்பது வினாடி தாக்குப்பிடித்தான்.

சுண்ணாம்புக்கல் (ஜூன் 22)

ஒருவரும் லூப், அதாவது டவுன்டவுனின் நடுப்பகுதி, அதன் உள்பக்கம் பற்றிப் பேசவில்லையே. எல்லோரும் மிச்சிகன் அவென்யூவின் கிழக்கே மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறீர்கள். மேற்கே நாலு தெரு நடந்தால் டேலி பிளாசாவில் பிகாசோ 1967இல் கொடுத்த ஐம்பது அடி எஃகுச் சிற்பம் நிற்கிறது, அதற்கு இன்றுவரை பெயர் கிடையாது, குதிரையா பெண்ணா குரங்கா என்று அவரவர் இஷ்டம். அதன் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அங்கிருந்து தெற்கே ஃபெடரல் பிளாசாவில் சிற்பி கால்டரின் சிவப்பு ஃபிளமிங்கோ சிற்பம். வேலை நாளாக இருந்தால் லசால் தெருவில் ருக்கரி கட்டடத்துக்குள் எட்டிப் பாருங்கள். 1888இல் கட்டியது, உள்முற்றத்தை 1905இல் ஃப்ராங்க் லாயிட் ரைட் புதுப்பித்தார்.

வில்லிஸ் டவர் மேலே ஏறாவிட்டாலும் கீழே நின்று ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள். 110 மாடி, 1974இலிருந்து கால் நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக உலகின் மிக உயர்ந்த கட்டடம். அதைக் காற்றில் ஆடாமல் நிற்கவைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். தனித்தனிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டின மாதிரியான அமைப்பு அவர் யோசனை. வடக்கே எக்ஸ் எக்ஸாகக் குறுக்குச் சட்டம் தெரியும் ஹான்காக் கட்டடமும் அவர்தான்.

மீன்கொத்தி60601 (ஜூன் 22)

சுண்ணாம்புக்கல் சொல்வது எல்லாம் உண்மை, அப்பாவை மட்டும் கூட்டிப் போவதென்றால் நானே அந்த வழியைத்தான் சொல்வேன். ஆனால் உள்பக்கத் தெருக்களில் பெஞ்ச் குறைவு, தலைக்கு மேலே எல் ரயில் போகும் சத்தம் வேறு. அம்மா ஓய்வெடுக்கும் ஒரு மணி நேரத்தில் அப்பாவும் நீங்களும் பிகாசோவரை போய்விட்டு வரலாம். இரண்டு பேருக்கு ஒரே நடை என்று யார் சொன்னது?

கோடைமழை (ஜூன் 22)

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன், மாமியார் மறுநாள் முழுக்க ஹோட்டலில் படுத்திருந்தார். ஆனால் நேவி பியரை விடக்கூடாது என்பதில் மாற்றமில்லை.

திருவல்லிக்கேணி ரங்கா (ஜூன் 23)

தம்பி, அப்பா தமிழாசிரியர் என்கிறீர்கள். அப்படியானால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை மியூசியத்தின் வாசலுக்குக் கூட்டிப் போகாமல் திரும்பினால் அவர் மன்னிக்க மாட்டார். பீனிலிருந்து தெற்கே ஐந்து நிமிடம், வாசலில் 1894இலிருந்து இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று உலகச் சமய மாநாட்டில் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். மிச்சிகன் அவென்யூவின் அந்தப் பகுதிக்கு அவர் பெயரைக் கௌரவப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

அவரை அங்கே அனுப்ப வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தவர் எங்கள் பேட்டை அளசிங்கப் பெருமாள், பச்சையப்பன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஒரு வாத்தியார் அனுப்பிவைத்த ஆள் பேசிய இடத்தை இன்னொரு வாத்தியார் பார்க்கட்டும்.

சுண்ணாம்புக்கல் (ஜூன் 23)

ரங்கா ஐயா, ஒரு சின்னத் திருத்தம். கட்டடம் அதுதான், ஆனால் அவர் பேசிய கொலம்பஸ் அரங்கு மாநாட்டுக்காகத் தற்காலிகமாகப் போட்டது, முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளே ஃபுல்லர்டன் அரங்கு என்று காட்டுவது பிற்பாடு கட்டியது.

திருவல்லிக்கேணி ரங்கா (ஜூன் 23)

அறிவேன் ஐயா. மேடையைப் பிரித்துவிட்டால் பேச்சு இல்லையென்று ஆகிவிடுமா. வாசல் போதும்.

கரிசல்காட்டான் (ஜூன் 23)

அத்தனை பேருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி. ரிவர்வாக்கில் அம்மா இறங்க முடியுமா, படி நிறைய இருக்கிறதாமே? இரண்டாவது, ஏரி. நான் முன்பு போனபோது பூங்காவில் நின்றுகொண்டு ஏரி எங்கே என்று தேடினேன், கார்கள்தான் தெரிந்தன.

மீன்கொத்தி60601 (ஜூன் 24)

ரிவர்வாக் பற்றி முதலில். ஆற்றங்கரையை ஒட்டி, தெருமட்டத்துக்கு ஒரு மாடி கீழே ஓடும் நடைபாதை. பெரும்பாலான பாலங்களில் இறங்குவதற்குப் படிதான். கிளார்க் தெருவுக்கும் லசால் தெருவுக்கும் நடுவே மட்டும் அகலமான படிக்கட்டு அரங்கு மாதிரி ஒன்று இருக்கிறது, அதன் குறுக்காக வளைந்து வளைந்து சாய்தளம் போட்டிருக்கிறார்கள், நடுநடுவே மரம். அங்கே இறக்கி, அங்கேயே உட்காரவைத்து, படகு போவதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கவே வேண்டாம். எதிரே சோளக்கதிர் மாதிரி இரட்டைக் கோபுரம் மரினா சிட்டி, கொஞ்சம் கிழக்கே தெரியும்.

அந்த ஆறு உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். முன்பு ஏரிக்குள் பாய்ந்த ஆறு, ஊர்ச் சாக்கடையும் அதோடு போய் ஏரியில் கலந்தது. குடிப்பதும் அதே ஏரித் தண்ணீர். கடைசியில் 28 மைலுக்குக் கால்வாய் வெட்டி 1900இல் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். இப்போது ஏரியிலிருந்து வெளியே ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை: ஆற்றோரம் போகும் வாக்கர் டிரைவ் மேலே ஒரு தெரு, அதற்கு நேர் கீழே இன்னொரு தெரு. போனில் டாக்ஸி கூப்பிட்டால் நீங்கள் மேலே நிற்க அவன் கீழே வந்து நிற்பான், வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. என் சித்தப்பாவும் நானும் இருபது நிமிடம் "இங்கேதான் நிற்கிறேன்", "நானும் இங்கேதான்" என்று டிரைவரோடு சண்டை போட்டிருக்கிறோம். ஒரு தெரு உள்ளே தள்ளிப் போய்க் கூப்பிடுங்கள்.

ஏரிக்கு வருகிறேன். நமக்கு இங்கே திசைக் குழப்பமே வராது, தண்ணீர் எந்தப் பக்கமோ அது கிழக்கு, மெரினா மாதிரி. ஆனால் பூங்காவுக்கும் ஏரிக்கும் நடுவே லேக் ஷோர் டிரைவ் என்று பெரிய சாலை ஓடுகிறது. பக்கிங்ஹாம் நீரூற்றுக்கு எதிரே சிக்னல் வைத்துக் கடக்க இடம் உண்டு, ஆனால் காத்திருப்பு அதிகம், அம்மாவை அவசரமாகக் கடக்கவைக்க வேண்டியிருக்கும். வேண்டாம். நான் செய்வது இதுதான்: மாலை ஆறரைக்கு மேல் ஒரு டாக்ஸி பிடித்து நேராக ஆட்லர் கோளரங்கத்தின் முன்னால் இறங்கிவிடுவேன். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு நிலம். ஊர் மேற்கே, சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும், மொத்த நகரமும் ஒரே வரிசையில் நிற்கும். இந்த இடத்தைப் பட்டியலில் சேர்த்த கோடைமழைக்கு நன்றி. கால்நடையாகப் போகச் சொன்னதுதான் தப்பு.

நெல்லைச்சீமா (ஜூன் 24)

மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கைப்பையில் வையுங்கள். ஜூலைதானே என்று நினைக்காதீர்கள், ஏரிக்கரையில் நிற்கும்போது ஊருக்குள்ளே இருப்பதைவிடக் குளிரும், காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால்.

கரிசல்காட்டான் (ஜூலை 14)

போய் வந்தோம். எழுதாவிட்டால் நன்றாக இருக்காது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரயில் யோசனை பொன்னானது. அப்பா கைக்கடிகாரத்தை மாற்ற மறுத்துவிட்டார், "ஒரு நாளைக்கு எதற்கு" என்று, அதனால் நாள் முழுக்க எங்களிடம் இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. கல்ச்சுரல் சென்டரில் முதல் முக்கால் மணி நேரம். அம்மா அந்தக் கண்ணாடிக் கூரையின் கீழே நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார், கோவில் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

பீனில் கூட்டம் அலைமோதியது. அதைச் செய்த அனிஷ் கபூர் மும்பையில் பிறந்தவர், 168 துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை ஒட்டு தெரியாமல் பற்றவைத்தது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்பா அதன் அடியில் போய் நின்று ஒட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. மகள் கிரவுன் நீரூற்றில் நனைந்தாள், சீமா அக்காவின் முப்பது வினாடிக் கணக்கைவிடச் சீக்கிரம்.

யாரும் எழுதாத ஒன்று: பூங்காவின் தெற்கு ஓரத்தில் லூரி தோட்டம். உயரமான செடிவேலிக்குப் பின்னால் இருப்பதால் பாதிப் பேர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். உள்ளே பலகை நடைபாதை, அதை ஒட்டி ஒரு முழம் அகலத்தில் வாய்க்கால் மாதிரித் தண்ணீர், சனங்கள் பலகையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு நிமிடம் பார்த்தார், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. புளியோதரை அங்கேயே. அந்த நேரத்தில்தான் அப்பாவும் நானும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் போனோம். ரங்கா ஐயா, அப்பா சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, படிக்கட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து அளசிங்கரைப் பற்றி எனக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாகவே தெரிந்து வைத்திருக்கிறார்.

ரிவர்வாக்கில் சாய்தளம் சொன்ன இடத்தில் இருந்தது. அப்பா தனியாக மிச்சிகன் அவென்யூ பாலத்தைத் தாண்டி ட்ரிப்யூன் டவர் வரை போய்விட்டு வந்தார். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் உலகத்துப் புகழ்பெற்ற கட்டடங்களின் கல்துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள், பிரமிடு, சீனச் சுவர் என்று. தாஜ்மகால் துண்டும் உண்டு. "தொட்டுப் பார்த்தேன், யார் கொடுத்தார்கள் இவர்களுக்கு" என்று ரயிலேறும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆட்லர். ஊர்ப் பக்கம் பார்த்துப் படம் எடுக்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடல் என்றே நினைத்தார். நான் ஏரி என்றதும் நம்பவில்லை, கரை எங்கே என்றார். மகள் படியிறங்கி உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்தாள், பாதி வழியில் சிந்தி, அம்மா விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பில்லை. தூரத்தில் தண்ணீருக்கு நடுவே குட்டி வீடு மாதிரி ஒன்று தெரிந்தது, என்ன என்று கேட்டார். ஊருக்குக் குடிதண்ணீர் இழுக்க அந்த மாதிரிதான் ஏரிக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்போ இது பூராவும் குடிக்கிற தண்ணியா?" என்றார். எங்கள் தெருவில் குடிதண்ணீர் வராத நாட்களில் நாலு தெரு தள்ளிக் குடத்தோடு வரிசையில் நின்றவர். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை, ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு இருட்டும் வரை அப்படியே இருந்தார்.

கோடைமழை (ஜூலை 14)

அருமை. ஆனால் நேவி பியர் போகவே இல்லையா?

கரிசல்காட்டான் (ஜூலை 15)

ஆட்லரிலிருந்தே ராட்டினம் சுற்றுவது தெரிந்தது. போகலாமா என்று கேட்டேன். "அதுதான் இங்கேயிருந்தே தெரியுதே" என்றார் அம்மா.

நெல்லைச்சீமா (ஜூலை 15)

முழங்கால்?

கரிசல்காட்டான் (ஜூலை 15)

வலிக்கவில்லை என்கிறார். முகத்தைப் பார்த்தேன், உண்மைதான் போலிருக்கிறது.